ஓட்டை அதிரசமும் பன்னிரண்டு தட்டும்

"…ஓட்டை போட்ட அதிரசம் இந்த லயத்துல வேற எவடி சுடுறா? சொல்லு பாப்போம். காலையில நான் ஒன் வீட்டுக்குக் குடுத்தது, பத்து மணிக்கு என் வீட்டுக்கே விருந்தாளியா வந்து நிக்குது!"

எங்கள் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் மாரியாயி அக்கா. கையில் எவர்சில்வர் தட்டு. மேலே மூடியிருந்த வாழையிலைத் துண்டு பாதி விலகிக் கிடந்தது.

அவர் பக்கத்து வீடு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான இந்த லயத்தில் எங்களுடையது ஏழாம் வீடு, அவருடையது எட்டு. நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் கூரைவரை போகாது. நாங்கள் இங்கே இரண்டு தடவை இருமினால் அங்கே கொத்தமல்லிக் கஷாயத்துக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள். அந்த அளவுக்குப் பக்கம்.

அன்றைக்குத் தீபாவளி. எங்கள் ஒரே மகள் புவனாவுக்குத் தலைத்தீபாவளி. முன்னறையில் மாப்பிள்ளை. நாற்காலியில் அவருடைய அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, தேத்தண்ணிக் கோப்பையை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். உள்ளே அடுப்படியில் என் மனைவி சரோஜா, கையில் கரண்டியுடன், வாசலைப் பார்த்தபடி.

மாரியாயி அக்கா கேட்டது சரோஜாவை. பதில் என்னிடம் இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வண்டியை ரிவர்ஸ் எடுப்பது எனக்குப் பழக்கம்தான். கஹவத்தை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறவன் நான்.

பின்சீட்டில் கேட்டது

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. மிச்சத்தை எனக்குப் பின்சீட்டுதான் சொல்லிக்கொடுத்தது. முன்னால் இருப்பவனின் முதுகு மட்டும்தான் தெரிகிறது என்பதாலோ என்னவோ, வீட்டில் சொல்லாததையெல்லாம் மனிதர்கள் என் முதுகிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அதிலும் பண்டிகைக் காலத்துப் பேச்சு தனி. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், மடியிலும் காலடியிலும் பைகளை அடுக்கிக்கொண்டு ஒரு தோட்டத்து அம்மா ஏறினார். மேடு ஏறத் தொடங்கியதும் முன்னால் குனிந்து சொன்னார்:

"தம்பி, மெதுவாப் போங்க. வீட்டுக்குப் போனா வேலை ஆரம்பிச்சிரும். இந்த வண்டியில இருக்குற வரைக்கும்தான் எனக்குத் தீபாவளி."

அன்றைக்கு நான் இரண்டாம் கியரைத் தாண்டவே இல்லை.

துணிக்கடை நானா ஒருவர் இருக்கிறார். ரம்ஸான் பெருநாளுக்கு முந்தின வாரத்தில் அவரை வீட்டில் கொண்டுபோய் விடும்போது ஒருமுறை சொன்னார்: "பெருநாள் வருதெண்டா எங்கட வீட்டுல முதல்ல காணாமப் போறது சிரிப்புதான். வானத்துல பொறை தெரிஞ்சாலும் அது திரும்பி வாரதில்ல."

சித்திரையில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு முடிந்த கையோடு ஏறிய ஒரு சிங்கள டீச்சரை மறக்கவே முடியாது. அடுப்பு மூட்ட ஒரு சுபநேரம், பாற்சோறு சாப்பிட ஒரு சுபநேரம், தலைக்கு எண்ணெய் வைக்க ஒரு சுபநேரம் என்று அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருக்கும். அந்த டீச்சர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சிங்களத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: "எல்லாத்துக்கும் நேரம் போட்டாங்க. படுக்கிறதுக்கு மட்டும் ஒரு நேரம் போடல பாருங்க."

இதையெல்லாம் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். லயத்துக்கு வந்து சொல்லிச் சொல்லி மற்றவர்களையும் சிரிக்க வைத்திருக்கிறேன். என் வீட்டு அடுப்படியில் ஒருத்தி நின்றுகொண்டே இருக்கிறாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பின்சீட்டில் ஏறாதவர்கள் சொல்வது எனக்குக் கேட்காது போலிருக்கிறது.

தட்டு போகும் வழி

எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. தீபாவளியன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மற்றப் பதினோரு வீட்டுக்கும் பலகாரத் தட்டு போக வேண்டும். தேயிலைக்குக் கீழே கிராமத்தில் ஒரு சிங்கள வீடு. சித்திரையில் அவர்கள் தங்கள் பலகாரமான கொக்கிஸும் கவுமும் கொடுத்தனுப்புவார்கள், அதனால் அங்கேயும் ஒரு தட்டு. ஆக, வீட்டுக்குப் பன்னிரண்டு தட்டு.

போன தட்டு வெறுமையாகத் திரும்பாது. அதில் அந்த வீட்டுப் பலகாரம் வரும். முறுக்கு, உளுந்து வடை, அதிரசம், கொஞ்சம் பயற்றம் உருண்டை. நாம் கொடுத்ததும் அதேதான், நமக்கு வருவதும் அதேதான். மத்தியானம் ஆகும்போது பன்னிரண்டு வீட்டுச் சுளகிலும் ஒரே மாதிரிக் குவியல் இருக்கும்.

ஒருமுறை இதைக் கிண்டலடித்தேன். "எல்லாரும் அவங்கவங்க சுட்டத அவங்கவங்களே தின்னா என்ன? அலைச்சல் மிச்சம்தானே?"

சரோஜா உளுந்து ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்களும் நம்ம வாசல்லயே வண்டிய ஓட்டிக்கிட்டு இருக்கலாமே. பெற்றோல் மிச்சம்தானே?"



எனக்குத்தான் அது ஒரே மாதிரிக் குவியல். பெண்களுக்கு அப்படி இல்லை. மூன்றாம் வீட்டு முறுக்கில் ஓமம் இருக்கும். பத்தாம் வீட்டு வடை கொஞ்சம் கல்லுப் போல இருக்கும், ஆனால் யாரும் அதை அவரிடம் சொல்லமாட்டார்கள். எட்டாம் வீட்டு மாரியாயி அக்கா அதிரசத்துக்கு நடுவில் விரலால் ஓட்டை போடுவார். உள்ளே வேகாமல் போகக்கூடாது என்று அப்படி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்து எந்த வீட்டுக் கை என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. கொடுத்த பலகாரத்தையே திருப்பி அனுப்பினால், "உன் கை பட்டது எனக்கு வேண்டாம்" என்று அர்த்தம். வாயால் திட்டினால்கூட மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சமாதானமாகிவிடலாம். இதற்குச் சமாதானம் கிடையாது. அப்படி ஒரு தட்டு திரும்பி வந்ததால் தலைமுறையாகப் பேசாமல் போன இரண்டு குடும்பம் மேல் லயத்தில் இருக்கிறது.

இப்போது எங்கள் லயத்தில் அந்த வழக்கம் கொஞ்சம் மாறிவிட்டது. ஒரு வீட்டில் ஒரு பலகாரம் மட்டும்தான். அதிரசம் என்றால் எட்டாம் வீடு, அதோடு சரி. மாறியதற்குக் காரணம் அந்தத் தீபாவளிக் காலைதான்.

கிளினிக் கொப்பி

அந்தத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால், மலையில் கொழுந்து பறிக்கும்போது சரோஜாவுக்குத் தலை சுற்றியது. கூடையோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். எழுந்து மறுபடியும் தேயிலை நிரைக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தச் செய்தி மூன்று நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொப்பியில் பிரஷர் என்று எழுதினார்கள். இளம் டாக்டர் அம்மா, சிங்களவர். தெரிந்த தமிழில் அவளிடம் சொன்னார்: "அம்மா, யோசிக்க வேணாம். வேலை குறைங்க. கொஞ்சம் உக்காருங்க." என்னிடம் சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னார். இப்படியே விட்டால் ஒரு நாள் விழுவார். விழுந்தால் ஒரு பக்கம் கை, கால் இழுத்துக்கொள்ளலாம். பண்டிகை வருகிறது, கவனம்.

வண்டியில் ஏறியதும் சரோஜா கேட்டாள்: "என்னா சொன்னாங்க?"

"உன்ன உக்காரச் சொன்னாங்க."

"தீபாவளி முடியட்டும். உக்காந்துர்றேன்."

அன்றிலிருந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைக்கும்போது, "உக்காரு." அரிசி இடித்துச் சலிக்கும்போது, "உக்காரு." திரைச்சீலை துவைக்கும்போது, "உக்காரு, சரோஜா." நான் நல்ல புருஷன் என்று எனக்கே தோன்றும் அளவுக்குச் சொன்னேன்.

அதே வாரத்தில் மாப்பிள்ளைக்கு போன் எடுத்து, "அம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. ரெண்டு நாள் தங்குறாப்ல வாங்க. சரோஜா எல்லாம் பாத்துக்குவா" என்று சொன்னவனும் நான்தான். எழுதும்போதுதான் இந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று தெரிகிறது.

மழையும் வெயிலும் மாறி மாறி அடித்ததில் அந்த மாதம் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. கொழுந்துக்குத் தீபாவளி தெரியாது. பண்டிகைக்கு முந்தின நாள்வரை மலைக்குப் போனாள். திரும்பி வந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினாள். அந்தப் பாகில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கரைந்து போனது

இதற்கிடையே மாரியாயி அக்காவும் சரோஜாவும் இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பீலியில் குடம் வைத்த வரிசையில் வந்த சண்டை. யார் குடத்தை யார் நகர்த்தினார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, ஒருத்தி இருமுவதை ஒருத்தி கேட்டுக்கொண்டு, பேசாமல் இருந்தார்கள்.

தீபாவளியன்று காலை ஏழு மணிக்கு எட்டாம் வீட்டுத் தட்டு முதல் தட்டாக வந்தது. மாரியாயி அக்காவின் பேத்தி கொண்டுவந்தாள். சரோஜா இலையை விலக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். "அக்கா கோவத்த விட்டுட்டாங்க" என்றாள். தட்டிலிருந்ததைச் சுளகில் கொட்டிவிட்டு, "நம்ம தட்டு மொதல்ல அங்கதான் போகணும். அதிரசத்த சுட்டுட்டு நானே கொண்டுபோறேன்" என்றாள்.

எண்ணெய் காய்ந்தது. முதல் அதிரசத்தைத் தட்டிப் போட்டாள். போட்ட உடனே அது பிரிந்தது. பூப்போல விரிந்து, கரைந்து, அடியில் மண்ணாகப் போனது. அடுத்ததும் அப்படியே. களைப்பில் பாகுப் பதத்தைத் தவறவிட்டிருக்கிறாள்.

அடுப்படி வாசலில் சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். "என்னாங்க சம்பந்தி, ஒதவி வேணுமா?" உண்மையான அன்போடுதான் கேட்டார்.

"ஐயோ, நீங்க போய் உக்காருங்க, இந்தா ஆச்சு" என்று சிரித்தாள் சரோஜா. வாய் மட்டும்தான் சிரித்தது, நெற்றியெல்லாம் வேர்வை.

புது சேலையில் புவனா இரண்டு தடவை உள்ளே வந்தாள். இரண்டு தடவையும் விரட்டப்பட்டாள். "தலைத்தீபாவளிக்கு வந்த புள்ள அடுப்படியில நின்னா அவுங்க என்னா நெனைப்பாங்க? போ, அந்தப் பக்கம்."

மாவு சேர்த்துப் பிசைந்தாள். மறுபடி பிரிந்தது. இன்னும் மாவு. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிசைந்தாள். ரப்பர் விறகு ஈரம். புகை கண்ணை எரித்தது.

"சரோஜா, உக்காரு" என்றேன்.

"நான் உக்காந்தா தட்டு தானா நடந்து போகுமா? மத்த வீட்டுத் தட்டெல்லாம் வந்துக்கிட்டே இருக்கு. அதிரசம் இல்லாமத் தட்டு போகாதுங்க."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சுளகைப் பார்த்தேன். அதற்குள் எட்டு வீட்டுப் பலகாரம் குவிந்து கிடந்தது. அதிரசமே ஒரு சிறு மலை. இருக்கிற அதிரசத்தை வைத்துக்கொண்டு இவள் எதற்கு இப்படிச் சாகிறாள்?

சொன்னால் விடமாட்டாள். அதனால் சொல்லவில்லை. சுளகையும் முறுக்குச் சட்டியையும் தூக்கிக்கொண்டு நடு அறையான காம்பராவுக்குப் போனேன். தட்டுகளைப் பாயில் வரிசையாக வைத்தேன். எங்கள் முறுக்கு, எங்கள் வடை, எங்கள் உருண்டை. கூடவே சுளகிலிருந்து மூன்று மூன்று அதிரசம். வாழையிலைத் துண்டால் மூடினேன். வாழ்க்கையில் முதல்முறையாகத் தட்டு போட்டேன். பெருமையாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பின்வழியாகப் போய் நானே வீடு வீடாகக் கொடுத்தேன். மூன்றாம் வீட்டுத் தங்கச்சி கையைக் கொட்டிச் சிரித்தாள். "என்னாண்ணே, நீங்க தட்டு தூக்கிட்டு வாறீங்க! மழை வரப்போகுது, துணிய எடுக்கணும்." எட்டாம் வீட்டில் மாரியாயி அக்கா பீலிக்குப் போயிருந்தார். பேத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கிராமத்து வீட்டுக்கும் ஒரு நடை இறங்கி ஏறினேன்.

திரும்பி வந்து அடுப்படியில் நின்று சொன்னேன்: "பன்னெண்டு தட்டும் போயிருச்சு. இப்பவாவது உக்காரு."

சரோஜா திரும்பிப் பார்த்தாள். "அதிரசம்?"

"வச்சுட்டேன்."

"எத வச்சீங்க?"

வாய் திறப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது.

வாசலில்

"ஓட்டை போட்ட அதிரசம் இந்த லயத்துல வேற எவடி சுடுறா?"

மாரியாயி அக்கா திட்டுவதற்காக வந்த மாதிரிதான் ஆரம்பித்தார். ஆனால் கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் உடைந்துவிட்டது. இரண்டு மாதக் கோபத்தை விழுங்கிவிட்டு முதல் ஆளாகத் தட்டு அனுப்பியவர். அது மூன்று மணி நேரத்தில், வாங்க மறுத்த கடிதம் போல, அவர் வீட்டுக்கே திரும்பியிருக்கிறது. சம்பந்திக்காரர்கள் முன்னால், லயமே இஸ்தோப்புத் திண்ணைகளில் நின்று பார்க்க.

சரோஜாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தில் இருந்த இரத்தம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். ஆனாலும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அக்கா, வேணும்னு செய்யல. தலை சுத்துச்சுக்கா. மாறிப்போச்சு" என்றாள்.

என் தப்பை அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள். அந்தத் தலைக்குத்தான் டாக்டர் வேலையைக் குறைக்கச் சொன்னார்.

"அக்கா, அது நான்" என்றேன். "நான்தான் தட்டு போட்டேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவ அதிரசம் பிரிஞ்சு போச்சு. அதான், சுளகுல இருந்தத எடுத்து வச்சுட்டேன்."

மாரியாயி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இருவது வருசத்துக்கு மேல என் அதிரசத்தத் திங்கிறீங்க தம்பி. நடுவுல ஒரு ஓட்டை இருக்குறது கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியலைக்கா."

பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் வரைக்கும் நான் அதைப் பார்த்ததே இல்லை. தின்றிருக்கிறேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் பார்த்ததில்லை.

நாற்காலியிலிருந்து சம்பந்தியம்மா மெல்லச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கு நான் மூக்குத்தி மாத்துனது மூணு மாசமாத் தெரியலைங்க." மாப்பிள்ளை சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். மாரியாயி அக்காவின் உதட்டோரத்திலும் ஏதோ அசைந்தது. ஆனால் சிரிக்கவில்லை. தட்டோடு நேராக அடுப்படிக்குள் வந்தார்.

சட்டியைப் பார்த்தார். எண்ணெயின் அடியில் கருகிக் கிடந்த மாவைப் பார்த்தார். சுவரில் சரோஜாவின் உள்ளங்கை பதிந்து பதிந்து உண்டான மாவுத் தடங்களைப் பார்த்தார்.

சரோஜா அதற்குள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். "அக்கா, அஞ்சே நிமிசம். உக்காருங்க. புதுசா சுட்டு ஒங்க தட்டுல வச்சுத் தந்துர்றேன்." மறுபடியும் மாவை உருட்டினாள். உருண்டை கையில் நிற்கவில்லை.

"சரோஜா, உக்காரு" என்றேன் நான், அன்றைக்கு எத்தனையாவது தடவையோ.

மாரியாயி அக்கா என் பக்கம் திரும்பினார். "காலையிலருந்து இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கீங்களா?"

"ஒரு மாசமாச் சொல்றேங்க்கா."

"ம். சொல்லிக்கிட்டே இருங்க."

தட்டைக் கீழே வைத்தார். புது சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எரிந்துகொண்டிருந்த விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, சாம்பலில் தேய்த்து அணைத்தார். அடுப்பில் வேலை இல்லாமல் போன சரோஜா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.